பார்சல் ‘டெலிவர்டு’, வாசல் காலி: வண்டி ஓட்டியவன் சொல்லும் வழி

அம்மாவுக்குக் காலில் நரம்புச் சுருட்டல். டாக்டர் எழுதிக்கொடுத்த இறுக்கக் காலுறை இரண்டு ஜோடி, 84 டாலர், ஆன்லைனில் ஆர்டர் போட்டிருந்தேன். மார்ச் மாதம் ஒரு வியாழக்கிழமை இரவு 8:52க்குக் கைபேசியில் ‘டெலிவர்டு, முன்வாசல்’ என்று வந்தது. கதவைத் திறந்தால் மூன்று ஜோடிச் செருப்பு, காலையில் அம்மா போட்ட கோலத்தின் மிச்சம். வேறு எதுவும் இல்லை.

டெலிவரிப் படத்தைத் திறந்து பார்த்தேன். பச்சைக் கால்மிதி, கதவின் அடியில் பித்தளைத் தகடு. எங்கள் கதவு நீலம், தகடெல்லாம் கிடையாது. கோபத்துக்கு முன்னால் சிரிப்புத்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இதே மாதிரி படங்களை எடுத்துக்கொண்டிருந்தவன் நான். 2023ல் வேலை போனபோது ஏழு மாதம் நியூ ஜெர்சியில், எடிசனைச் சுற்றி, என் சொந்த சியன்னா வண்டியில் பார்சல் போட்டேன். போட்டிருந்த மேல்சட்டையில் ஒரு பிராந்திய டெலிவரி நிறுவனத்தின் பெயர். காசு கொடுத்ததோ அவர்களிடம் குத்தகை எடுத்த இன்னொரு ஆள். எந்த நிறுவனம் என்று எழுதப்போவதில்லை. அதனால் இந்தக் கதை எதுவும் மாறாது.

அந்த ஏழு மாதத்தில் தெரிந்துகொண்டதையும், பிறகு வாசலின் இந்தப் பக்கம் நின்று பட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டுமே இது உதவும்.

யார் கொண்டுவருகிறார்கள்?

முதலில் ட்ராக்கிங் எண்ணைப் பாருங்கள். ஒன்று, அடுத்து இசட் என்று தொடங்கினால் யுபிஎஸ். டிபிஏ (TBA) என்று தொடங்கினால் அமேசானின் சொந்த வண்டி. ஒன்பதில் தொடங்கும் நீண்ட இலக்க வரிசை என்றால் பெரும்பாலும் அரசுத் தபால். இவை எதுவும் இல்லாமல், கேள்விப்படாத ஒரு பெயர் வந்தால், அது பிராந்திய நிறுவனமாக இருக்க வாய்ப்பு அதிகம். நாடு முழுக்கப் போகாமல் சில மாநிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கிடங்கிலிருந்து வாசல் வரைக்குமான கடைசித் துண்டை மட்டும் ஓட்டுகிறவர்கள். பெரிய நிறுவனங்களைவிடக் குறைந்த கட்டணத்துக்கு எடுப்பதால் கடைக்காரர்கள் இவர்களிடம் போகிறார்கள்.

புதிய தொழில் ஒன்றுமில்லை. கிழக்குக் கரையில் லேசர்ஷிப் 1986ல் வர்ஜீனியாவில் தொடங்கியது. மேற்கில் கலிபோர்னியா ஓவர்நைட் என்ற பெயரில் 1991ல் தொடங்கியதுதான் பின்னாளில் ஆன்ட்ராக் ஆனது. 2021ல் லேசர்ஷிப் ஆன்ட்ராக்கை வாங்கியது. 2023ல் இரண்டும் ஆன்ட்ராக் என்ற ஒரே பெயருக்கு வந்தன. போன வருஷம் வரை ஒரு பெயரில் வந்த பார்சல் திடீரென்று வேறு பெயரில் வருகிறதே, இது ஏமாற்று வேலையோ என்று அத்தை ஒருவர் என்னிடம் கேட்டார். பயப்பட வேண்டாம், பெயர்ப்பலகைதான் மாறியிருக்கிறது.

‘லேபிள் உருவாக்கப்பட்டது’ என்று மட்டும் நாலைந்து நாள் நின்றால் டெலிவரி நிறுவனத்தைத் திட்டாதீர்கள். கடைக்காரர் சீட்டை அச்சடித்துவிட்டார், பெட்டியை இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் பொதுவாக அர்த்தம். அதற்கு வேறு விதி இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

அன்று இரவே செய்ய வேண்டியது

படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ட்ராக்கிங் பக்கத்தில் அது எத்தனை நாள் இருக்கும் என்று நம்ப முடியாது. எடுத்த பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாரும் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பெட்டியைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள்: தரை சிமெண்டா மரப்பலகையா, செங்கல் என்ன நிறம், கைப்பிடிக் கம்பி எந்தப் பக்கம், ஓரத்தில் பூந்தொட்டி தெரிகிறதா. எங்கள் குடியிருப்பில் கட்டடமெல்லாம் ஒரே அச்சு, ஆனால் படத்தில் தெரிந்த மரப்பலகை வாசல் பின்வரிசையில் மட்டும்தான். எங்கள் எண் 47. இரவு நேரத்தில் அவசரமாகப் படிக்கிறவன் எப்படிப் படிப்பான் என்று யோசித்தேன். பின்வரிசையில் 74ஆம் எண் கதவைத் தட்டினேன். பச்சைக் கால்மிதி. திறந்த பாட்டி நான் வாயைத் திறப்பதற்குள் பெட்டியை எடுத்து நீட்டினார். பெட்டியில் இருந்த நீளமான தமிழ்ப் பெயரைப் பார்த்து, யாராவது தேடி வருவார்கள் என்று உள்ளே எடுத்து வைத்திருந்தாராம்.

இலக்கம் இடம் மாறியது, பக்கத்துத் தெருவில் அதே எண், அதே எண்ணில் அடுத்த கட்டடம்: நான் தவறாகப் போட்ட பார்சல்களில் முக்கால்வாசி இந்த மூன்றில் அடங்கும். அபார்ட்மெண்ட் வளாகம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஓட்டுநர் கையில் இருக்கும் செயலி பல சமயம் மொத்த வளாகத்துக்கும் ஒரே புள்ளியைக் காட்டும். அந்தப் புள்ளி பெரும்பாலும் வளாகத்தின் வாடகை அலுவலக வாசல். அதனால் அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

நடந்து பார்த்தும் கிடைக்கவில்லையா? ஒரு இரவு பொறுங்கள். இதற்கும் காரணம் இருக்கிறது. என் ரூட்டில் இரவு 9 மணி கெடு. அதற்குமேல் ஸ்கேன் ஆகும் ஒவ்வொரு பெட்டியும் ‘தாமதம்’ கணக்கில் விழும். 8:50க்கு வண்டியில் இன்னும் பதினைந்து பெட்டி இருந்தால் என்ன செய்வான்? வண்டியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் ‘டெலிவர்டு’ என்று அழுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக இறக்குவான். நானும் செய்திருக்கிறேன், பெருமையாகச் சொல்லவில்லை. அப்படி அழுத்தின பெட்டி பத்தரை மணிக்கோ மறுநாள் காலையிலோ வரும். படமே இல்லாத ‘டெலிவர்டு’ என்றால், அல்லது படத்தில் வண்டியின் உட்புறம் தெரிந்தால், இந்த ரகமாக இருக்கலாம்.

அவன் ஏன் அப்படிச் செய்கிறான்

கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் யாரிடம் போய்க் கேட்பது என்பது விளங்கும்.

எனக்கு ஒரு பார்சலுக்கு 1.60 டாலர். ஒரு சராசரி நாளில் 130 பார்சல், ஆக 208 டாலர். 110 மைல் ஓட்டம். பெட்ரோல், டயர், இன்சூரன்ஸ், வண்டித் தேய்மானம் எல்லாம் என் தலையில். 2023ல் வருமான வரித்துறை மைலுக்கு 65.5 சென்ட் என்று கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கில் வண்டிக்கு 72 டாலர் போய்விடும். மிச்சம் 136. விடியற்காலை 5:30க்கு வேர்ஹவுஸ் வரிசையில் நிற்பது, அடுக்குவது, ஓட்டுவது என்று பத்து மணி நேரம். மணிக்கு 13.60. அந்த ஆண்டு நியூ ஜெர்சியில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி 14.13. சுயதொழில் வரி என்று 15.3 சதவீதம் இன்னும் கழிக்கவே இல்லை.

கொடுக்க முடியாமல் திருப்பிக் கொண்டுபோகும் பெட்டிக்குப் பைசா கிடையாது. கேட் பூட்டியிருந்தது, பஸ்ஸர் (கீழ்க்கதவு அழைப்பு மணி) வேலை செய்யவில்லை, நாய் நின்றது என்று 14 பெட்டி மிஞ்சினால், அந்த 14ஐயும் வேர்ஹவுஸுக்குத் திருப்பி ஓட்டி, வரிசையில் நின்று, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கொடுக்க வேண்டும், இலவசமாக. பூட்டிய கேட்டுக்கு வெளியே பார்சல் கிடப்பதற்கு இதுதான் காரணம். நியாயம் என்று சொல்லவில்லை.

இந்தத் தொழிலின் பெரிய வழக்குகளும் இந்த இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன: ஓட்டுகிறவர் வேலையாளா, சுதந்திர ஒப்பந்தக்காரரா? டைனமெக்ஸ் என்ற கூரியர் நிறுவனம் 2004ல் தன் ஓட்டுநர்களை வேலையாள் கணக்கிலிருந்து ஒப்பந்தக்காரர் கணக்குக்கு மாற்றியது. வழக்கு கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. ஒருவரை ஒப்பந்தக்காரர் என்று சொல்ல நிறுவனம் மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும்: வேலையை எப்படிச் செய்வது என்பதில் அவர்மேல் நிறுவனத்தின் பிடி இல்லை, அந்த வேலை நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்கிறது, அவர் தனக்கென்று அந்தத் தொழிலை நடத்துகிறார். பார்சல் நிறுவனத்தில் பார்சல் போடுவது எப்படி ‘வழக்கமான தொழிலுக்கு வெளியே’ ஆகும்? 2020 ஜனவரி முதல் அது அங்கே சட்டமாகவும் ஆனது. எங்கள் நியூ ஜெர்சியில் இன்னும் முன்னாலேயே, 2015ல், மெத்தை டெலிவரி செய்தவர்கள் ஸ்லீப்பீஸ் என்ற மெத்தைக் கடைமீது போட்ட வழக்கில், கூலிச் சட்டங்களுக்கு ஏறக்குறைய இதே மூன்று சோதனைதான் என்று மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தெரிந்திருந்தால் நானும் ஏதாவது கேட்டிருப்பேன். அப்போது தெரியாது.

இதெல்லாம் உங்களுக்கு எதற்கு? டெலிவரி நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண்ணுக்கு அழைத்தால், எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த ஓட்டுநரைத் தெரியாது. நிறுவனம், அதன்கீழ் குத்தகைக்காரர், அவர்கீழ் ஓட்டுநர். மூன்று கை தாண்டிப் போகிற கேள்வி பதிலோடு திரும்பி வராது. ஒரு முறை அழைத்து, புகார் எண் வாங்கி, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது பிறகு சாட்சியாக உதவும். அதோடு சரி.

கேட்க வேண்டிய இடம் கடை

டெலிவரி நிறுவனத்துக்கு நீங்கள் வாடிக்கையாளரே இல்லை. கடைக்காரர்தான் காசு கொடுக்கிறார், இந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததும் அவர்தான். ஆகவே பார்சல் வரவில்லை என்றால் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். போன் வேண்டாம், சாட் அல்லது மின்னஞ்சல். சாட் என்றால் முழுவதையும் சேமித்து வையுங்கள்.

எழுதும்போது அழுகையும் வேண்டாம், வசவும் வேண்டாம். ஆர்டர் எண், ட்ராக்கிங் எண், ‘டெலிவர்டு’ என்று வந்த தேதி நேரம், படத்தில் இருப்பது என் வாசல் இல்லை, இதோ என் வாசலின் படம். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: மறுபடி அனுப்புகிறீர்களா, பணத்தைத் திருப்புகிறீர்களா? சில கடைகள் 48 மணி நேரம் பொறுக்கச் சொல்லும், பொறுக்கலாம். சில போலீஸ் புகார் நகல் கேட்கும். பல ஊர்களில் அவசரமில்லாத புகாரை இணையத்திலேயே பதியலாம். நடந்ததை மட்டும் எழுதுங்கள். திருட்டு என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் திருட்டு என்று எழுதாதீர்கள்.

இன்னொன்று. கிடைத்த பொருளைக் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பணம் வாங்கும் பழக்கம் நம் வட்டத்திலும் சிலரிடம் இருக்கிறது, கேட்டிருக்கிறேன். கடைகள் ஒவ்வொரு கணக்குக்கும் இந்தப் புகார்களை எண்ணி வைக்கின்றன. அடுத்த முறை உண்மையிலேயே தொலையும்போது நம்ப ஆள் இருக்காது. அந்த ஓட்டுநரின் கூலியிலும் கைவைப்பார்கள். என்னிடம் ஒரு வாரம் 60 டாலர் பிடித்தார்கள். நான் கையில் கொடுத்துவிட்டு வந்த பெட்டி அது.

கடை கைவிரித்தால் கிரெடிட் கார்டு வங்கி. என் தம்பி மனைவிக்கு 310 டாலர் குழந்தை கார் சீட் வரவில்லை. ‘டெலிவர்டு என்றுதான் காட்டுகிறது’ என்று ஐந்து வாரம் ஒரே பதிலைக் கொடுத்தது கடை. 1974ல் வந்த நியாயமான கடன் பில் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஒப்புக்கொண்டபடி வந்து சேராத பொருளுக்கான கட்டணமும் அதன்படி பில் பிழைதான். அந்தக் கட்டணம் இருக்கும் முதல் பில் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்தில் போக வேண்டும். பில்லில் பணம் கட்டும் முகவரி ஒன்று, பிழை விசாரணைக்கான முகவரி வேறொன்று. இரண்டாவதுக்கு அனுப்புங்கள். செயலியில் டிஸ்பியூட் பொத்தானை அழுத்தினாலும், ஒரு கடிதத்தையும் அனுப்பி நகல் வைத்துக்கொள்வது நல்லது. வங்கி 30 நாளுக்குள் கடிதம் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், இரண்டு பில் சுழற்சிக்குள், எப்படியும் 90 நாளுக்குள், முடிக்க வேண்டும். அதுவரை அந்தத் தொகையைக் கட்டத் தேவையில்லை, மற்றதைக் கட்டிவிடுங்கள். தம்பி மனைவி 41ஆம் நாள் அனுப்பினாள், பணம் திரும்பியது.

டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டம் இல்லை. வங்கி மனம் வைத்தால் உண்டு. தெரியாத கடையில் டெபிட் கார்டு போடாதீர்கள்.

‘லேபிள் உருவாக்கப்பட்டது’ என்று நிற்கும் பார்சலுக்கு வருகிறேன். கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் 1975ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. கடை சொன்ன காலத்துக்குள் அனுப்ப வேண்டும். காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள். முடியாவிட்டால் உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், இல்லை பணத்தைத் திருப்ப வேண்டும். இந்த விதி அனுப்புவதைப் பற்றியது. தப்பான வாசலில் போட்டதற்கு இதைக் காட்டினால் எடுபடாது.

வாசலைத் தயார் செய்வது

தபால்காரர் பூட்டிய பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறார், இவர்கள் ஏன் வாசலில் வீசுகிறார்கள் என்று கேட்பார்கள். உங்கள் தபால் பெட்டிக்குள் தபால்தலை இல்லாத எதையும் வைக்கத் தனியாருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. 1934லிருந்து அப்படித்தான். அபார்ட்மெண்ட் கீழ்க்கதவைத் திறக்கத் தபால்காரரிடம் இருக்கும் சாவி எங்களிடம் கிடையாது. தனியார் பார்சல் வாசலிலிருந்து திருடு போனால் தபால் துறையின் விசாரணைப் பிரிவும் வராது, உள்ளூர் போலீஸ்தான்.

ஆகவே நீங்கள் செய்யக்கூடியது, அந்த 130ஆவது வாசலை எளிதாக்குவது. வீட்டு எண் விளக்கு வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கதவின் நிறத்திலேயே எண் ஒட்டியிருந்தவர்களை நான் மனதுக்குள் நிறையத் திட்டியிருக்கிறேன். அபார்ட்மெண்ட் எண்ணை முகவரியின் இரண்டாம் வரியில் போட்டால் சில சீட்டுகளில் அது விழுந்தே போகும். முதல் வரியிலேயே தெரு எண்ணுக்குப் பக்கத்தில் போடுங்கள். பஸ்ஸரில் அப்பா பெயர், ஆர்டரில் மகள் பெயர், இனிஷியல் முன்னும் பின்னுமாக மாறியிருக்கும். இது நம் வீடுகளில் சகஜம், ஓட்டுநருக்கோ அது வேறு வீடு. பஸ்ஸர் பெயரையே ஆர்டரிலும் போடலாம்.

குறிப்புப் பகுதியில் ‘தயவுசெய்து கவனமாக வைக்கவும், வந்ததும் அழைக்கவும்’ என்று எழுதுவது வீண். யாரும் அழைக்க மாட்டார்கள். என் திரையில் முதல் வரிதான் தெரியும். அதில் ‘பின்பக்கக் கதவு, பஸ்ஸர் 214’ என்று இருந்தால் போதும்.

விலையுள்ள பொருள், மருந்து என்றால் வாசலுக்கே வரவிடாதீர்கள். ஆர்டர் போடும்போதே கடையில் எடுத்துக்கொள்வதையோ லாக்கரையோ தேர்ந்தெடுங்கள். பிராந்திய நிறுவனத்தின் கைக்குப் போன பிறகு ‘நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்’ என்றால் கிடங்கில் பெரும்பாலும் விட மாட்டார்கள். எங்கள் கிடங்கில் ஒரு ஜன்னல் இருந்தது, நான் போன நாளெல்லாம் மூடியே இருந்தது.

ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்லி வையுங்கள். ‘முகவரி தவறு, பார்சல் நிற்கிறது, 1.99 டாலர் கட்டுங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் தொடவே கூடாது. கார்டு எண்ணைப் பிடுங்குவதற்கான வலை அது. ஏமாற்றுச் செய்திகளைப் புகார் செய்வதற்கான 7726 என்ற எண்ணுக்கு அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு அழித்துவிடலாம்.

நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால்

வேலை போனதும் என்னைப் போலவே இந்தப் பக்கம் பார்க்கிறவர்கள் உண்டு. விசாவை முதலில் பாருங்கள். என்னிடம் கிரீன் கார்டு இருந்தது. எச்1பி, எஃப்1, வேலை அனுமதி இல்லாத எச்4 என்றால் இந்த 1099 (ஒப்பந்தக்காரர் கணக்கு) வேலையைத் தொடாதீர்கள். அடுத்து இன்சூரன்ஸ். சாதாரண கார் பாலிசிகள் பலவற்றில், கூலிக்குப் பொருள் ஏற்றும்போது நடக்கும் விபத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கும். நான் அதை மூன்றாவது மாதத்தில்தான் படித்தேன், அதுவும் ரஹ்வே பக்கம் ஒரு தூணில் லேசாக உரசிய அன்று இரவு. திரும்பும் பெட்டிக்குக் காசு உண்டா, எதற்கெல்லாம் பிடிப்பீர்கள் என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, வந்த நேரம், போன நேரம், எத்தனை பெட்டி, எத்தனை மைல், எவ்வளவு பிடித்தார்கள். வரிக்கணக்குக்கும் வேண்டும், நாளைக்குத் தொழிலாளர் துறையில் கூலி கேட்டுப் புகார் கொடுக்கவும் அதுதான் ஆதாரம். என்னுடையது இன்னும் சியன்னாவின் முன்பெட்டியில் கிடக்கிறது. இரண்டாவது பக்கத்திலேயே இருக்கிறது: ‘திருப்பியது 14. இரவு 10:40. கூலி 0.’